பார்க்கிங் கம்பெனிக்கு ஒரு மன்னிப்புக் கார்டு

பயமுறுத்துகிற கடிதம் வந்தால் டன்ஸ்டால் என்கிற இங்கிலீஷ் ஊர்ப் பெண்கள் வக்கீலைத் தேடிப் போவதில்லை. கிளெண்டாவின் பார்லருக்குத் தலை அலசப் போவார்கள். கைப்பையைத் திறந்து நாலாக மடித்த காகிதத்தை எடுத்து, "இதைக் கொஞ்சம் பாரேன் கண்ணு" என்று கண்ணாடி முன்னால் வைப்பார்கள். கிளெண்டா ஈரக் கையைத் துண்டில் துடைத்து, மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கடை முழுக்கக் கேட்கும்படி வாசிப்பாள். பெரும்பாலும் ஏதாவது ஒரு தனியார் பார்க்கிங்கில் கொஞ்ச நேரம் கூட நின்றதற்காக வந்த கடிதமாக இருக்கும். சிவப்பு எழுத்து, கட்டம் கட்டிய எச்சரிக்கை, கோர்ட்டு, ஜப்தி என்று ஊரையே கொளுத்திவிடுகிற தோரணை.

"வரலாம், எடுக்கலாம், நடக்கலாம். பூரா லாம்தான். வருவேன்னு ஒரு இடத்துலயாவது சொல்றானா பாரு. நான்கூடத்தான் நாளைக்கு மகாராணி ஆகலாம்" என்பாள் கிளெண்டா. டிரையருக்குள் தலையைக் கொடுத்திருக்கிற கிழவிகளெல்லாம் சிரிப்பார்கள். சிரித்து முடித்ததும் கிளெண்டா குரலை இறக்கி, இது போலீஸ் போட்ட அபராதம் இல்லை, கடைக்காரன் நீட்டுகிற பில் மாதிரிதான், நியாயமில்லாத பில்லுக்கு யாரும் காசு தர வேண்டியதில்லை என்று விளக்குவாள். பிறகு எந்தக் கடிதத்துக்குப் பதில் போட வேண்டும், எதைக் குப்பையில் போட வேண்டும் என்று பிரித்துக் கொடுப்பாள். அவள் கை பட்ட கேஸ் ஒன்றுகூடத் தோற்றதில்லை. அந்தத் திமிர் அவளுக்கு உண்டு, இருந்துவிட்டுப் போகட்டும்.

ஊராருக்கெல்லாம் தைரியம் கொடுத்தவளால் கூடப் பிறந்த தங்கைக்கு ஒரு குன்றிமணி தைரியம் கொடுக்க முடியவில்லை.

தங்கை லோர்னா வேறு ரகம். இவள் காலை யாராவது மிதித்தால் இவள்தான் மன்னிப்புக் கேட்பாள். தப்பான நம்பருக்குப் போன் செய்தவனிடம், 'நீங்க தேடுற ஆள் நான் இல்லாமப் போனதுக்கு வருந்துறேன்' என்பாள். அந்த நாட்டில் எல்லாருமே கொஞ்சம் அப்படித்தான் என்றாலும் லோர்னாவுக்கு அது நோய் மாதிரி முற்றியிருந்தது.

அவள் புருஷன் ட்ரெவர் முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர். பக்கவாதம் வந்து வலது பக்கமும் பேச்சும் போய், இரண்டு வருஷமாக பர்ஸ்லெமில் ஒரு நர்ஸிங் ஹோமில் கிடக்கிறார். தொண்டையும் பலவீனம். ஒவ்வொரு வாயும் உள்ளே இறங்கிவிட்டதா என்று பார்த்துத்தான் அடுத்த கரண்டி கொடுக்க வேண்டும். நர்ஸுகளுக்கு ஏது அவ்வளவு பொறுமை, பாவம், அவர்களுக்கும் ஆயிரம் வேலை. அவர்கள் கரண்டியை நீட்டினால் ட்ரெவர் வாயைப் பூட்டிக்கொள்வார். லோர்னா கொடுத்தால் மட்டும் திறப்பார். அதனால் மத்தியானச் சாப்பாட்டுக்கு ஒரு தடவை, சாயந்திரம் ஐந்து மணிச் சாப்பாட்டுக்கு ஒரு தடவை என்று தினமும் காரில் போய்விடுவாள். நடுவில் இருக்க முடியாது. நோயாளிகள் தூங்கும் நேரம் என்று எல்லாரையும் வெளியே அனுப்பிவிடுவார்கள்.

ஹோமில் டாக்டருக்கும் ஆம்புலன்ஸுக்கும் தவிர யாருக்கும் இடம் கிடையாது. சுற்றுத் தெருக்களில் அங்கே குடியிருப்பவர்கள் மட்டும்தான் நிறுத்தலாம். பக்கத்தில் கார்ப்பெட் கடை, நாய்த் தீனிக் கடை, உறைந்த சாப்பாடு விற்கும் கடை மூன்றுக்கும் பொதுவாக ஒரு பார்க்கிங் உண்டு. கடைக்கு வருகிறவர்களுக்கு இரண்டு மணி நேரம் இலவசம். லோர்னா அங்கேதான் நிறுத்துவாள். சும்மா நிறுத்த மனசு ஒப்பாமல், ஒவ்வொரு தடவையும் ஒரு பாக்கெட் உறைந்த பட்டாணி வாங்கிவிடுவாள். அவள் வீட்டு ஃப்ரீஸர் கதவு மூடாது.

போன இலையுதிர் காலத்தில் முதல் கடிதம் வந்தது. பார்க்கிங் வாசல் காமிரா எடுத்தபடி கார் உள்ளே வந்தது ஒரு போட்டோ, வெளியே போனது ஒரு போட்டோ, நடுவில் ஐந்து மணி நேரத்துக்கு மேல். கிளெண்டா போட்டோவைப் பார்க்கவில்லை. கடிதத்தின் தேதியைப் பார்த்தாள். சட்டம் சொன்ன கெடுவுக்குள் கடிதம் வரவில்லை. பிந்தி வந்தால், காரின் சொந்தக்காரர் மேல் பார்க்கிங் கம்பெனி கை வைக்க முடியாது. காரை ஓட்டியது யார் என்று தெரிந்தால்தான் அந்த ஆளைப் பிடிக்க முடியும்.

"ஓட்டினது யாருன்னு அவனுக்குத் தெரியாது. தெரியவும் கூடாது" என்றாள் கிளெண்டா. "அன்னைக்கு யார் போனா, எங்க போனா, எப்ப வந்தா, எதையும் யார்கிட்டயும் மூச்சு விடாதே. எங்கிட்டயும் சொல்லாதே. எனக்குத் தெரியாததை என் வாயிலேர்ந்து எவன் பிடுங்க முடியும்?"

லோர்னா சரி என்று தலையாட்டினாள். அவள் எதற்குத்தான் தலையாட்ட மாட்டாள்?

கிளெண்டா கம்பெனிக்குச் சுருக்கமாக ஒரு பதில் போட்டுவிட்டுக் கைகழுவினாள். அப்புறம் வசூல் செய்கிறவர்கள் என்ற பேரில் கலர் கலராகக் கடிதம் வந்தது. எல்லாவற்றையும் கிளெண்டா வாங்கிவைத்து, முடிச்சாயம் சிந்தாமல் இருக்கக் கீழே விரித்தாள். வீட்டுக்கு ஆள் வருவான், காரைத் தூக்கிப் போவான் என்றெல்லாம் அவற்றில் இருந்தது. வசூல்காரனுக்கு உன் வீட்டு வாசல் மணியை அடிப்பதற்கு மேல் ஒரு அதிகாரமும் இல்லை என்று அவள் எத்தனை தடவை சொல்லியும், லோர்னா ராத்திரியெல்லாம் ஜன்னல் திரையை விலக்கி விலக்கி காரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜனவரியில் நிஜமாகவே கோர்ட்டுக் காகிதம் வந்துவிட்டது. கிளெண்டா உற்சாகமாகிவிட்டாள். வரட்டும், நேருக்கு நேர் பார்த்துவிடலாம் என்று அன்றைக்கே உட்கார்ந்து பதில் மனு எழுதினாள். லோர்னா என்ன செய்தாள் தெரியுமா? காரைப் பக்கத்து வீட்டு கேரேஜில் விட்டு, அதன்மேல் ஒரு பழைய படுக்கை விரிப்பைப் போர்த்திவிட்டு, பஸ்ஸில் போக ஆரம்பித்தாள்.

"கேஸ் முடியாம எவனும் காரைத் தொட முடியாதுடீ" என்று கிளெண்டா கத்தினாள். லோர்னா கேட்டுக்கொண்டாள், மன்னிப்பும் கேட்டாள், மறுநாளும் பஸ்ஸில் போனாள்.

இரண்டு பஸ் மாற வேண்டும். மத்தியானத்துக்குப் போய்விடலாம். திரும்பி வீட்டுக்கு வந்து, சாயந்திரம் மறுபடி கிளம்பினால் பள்ளிக்கூடம் விடுகிற நெரிசலில் பஸ் ஊர்ந்து, அவள் போய்ச் சேர்வதற்குள் சாப்பாட்டுத் தட்டை எடுத்திருப்பார்கள். நடுவில் திரும்பாமல் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தாள். ஜனவரிக் குளிரில் இருமல் பிடித்துக்கொண்டது. இருமுகிறவர்களை ஹோமுக்குள்ளேயே விட மாட்டார்கள், அதனால் ஒரு வாரம் மத்தியானமும் போயிற்று.

ட்ரெவர் இளைத்தார். கழுத்துப் பட்டனுக்கும் கழுத்துக்கும் நடுவில் கை நுழைகிற அளவுக்கு இளைத்தார். வசந்தம் முடிகிற சமயத்தில் தலைமை நர்ஸ் லோர்னாவைத் தனியே கூப்பிட்டு, இப்படியே போனால் வயிற்றில் துளை போட்டுக் குழாய் வழியாகத்தான் சாப்பாடு கொடுக்க வேண்டியிருக்கும், ஜூன் கடைசியில் டாக்டர் வந்து முடிவு செய்வார் என்று சொல்லிவிட்டாள். குழாய் போட்டுவிட்டால் அப்புறம் கரண்டிக்கு வேலையில்லை. அந்த மனுஷனுக்கு மிச்சமிருந்த ஒரே சுகம் லோர்னா கையால் சாப்பிடுவதுதான்.

கோர்ட்டு விசாரணை ஜூன் நடுவில். அதில் ஜெயித்தால் லோர்னா பயம் தெளிந்து காரை எடுப்பாள். தோற்றால் இந்த ஜென்மத்தில் ஸ்டியரிங்கைத் தொட மாட்டாள். கிளெண்டாவுக்கு இது நன்றாகத் தெரியும்.

விசாரணைக்கு இரண்டு வாரம் முன்னால் கம்பெனியின் சாட்சியக் கட்டு வந்தது. பார்லரை மூடிவிட்டு கிளெண்டா அதைப் புரட்டினாள். ஒரு பக்கத்தில் கை நின்றுவிட்டது.

அது ஒரு வாழ்த்துக் கார்டின் நகல். வெளியே பூந்தொட்டியும் முயல் குட்டியும். உள்ளே தங்கையின் குண்டு குண்டு கையெழுத்து. 'உங்களுக்குச் சிரமம் கொடுத்ததற்கு மன்னிக்கவும். நான்தான் நேரம் போனது தெரியாமல் இருந்துவிட்டேன் போலிருக்கிறது. என் கணவர் மெதுவாகத்தான் சாப்பிடுவார். உங்கள் எல்லோருக்கும் நல்ல நாளாக அமையட்டும். லோர்னா.' பேருக்குப் பக்கத்தில் முத்தத்துக்கு அடையாளமாக ஒரு பெருக்கல் குறி வேறே.

கிளெண்டா நேரே தங்கை வீட்டுக்குப் போனாள். கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"கார்டு போட்டியா?"

லோர்னா கெட்டிலை வைத்தாள். "மொதல் லெட்டர் வந்த அன்னைக்கு. உங்கிட்ட காட்டறதுக்கு முன்னாடியே."

"நான்தான்னு எழுதிக் கொடுத்திருக்கே. கையெழுத்தும் போட்டுட்டே. முத்தமும் கொடுத்திருக்கே. அவன் உனக்கு மாமனா மச்சானா?"

"எல்லாருக்கும் அப்படித்தானே போடுவேன், கிளென்."

"எங்கிட்ட ஏன் சொல்லலை?"

"எதையும் சொல்லாதேன்னியே" என்றாள் லோர்னா.

கிளெண்டா கட்டியிருந்த வாதமே யார் ஓட்டினார் என்று தெரியாது என்கிற ஒற்றைத் தூண் மேல் நின்றது. தங்கை அதை முயல் படம் போட்ட கார்டால் தட்டிவிட்டாள். வேறொருத்தியாக இருந்தால் தலையில் கை வைத்திருப்பாள். கிளெண்டா டீயைக் குடித்து முடித்துவிட்டு, "சரி விடு, போர்டு இருக்கு" என்றாள். பார்க்கிங்கில் விதிமுறை எழுதிய போர்டை உயரத்தில் மாட்டி, எழுத்தை எறும்பு மாதிரி பொடியாகப் போட்டிருக்கிறார்கள், அதை எவன் படிப்பான்? மறுநாள் போய் ஒரு பியர்ப் பெட்டியைக் கவிழ்த்து அதன்மேல் ஏறி நின்று போட்டோ எடுத்து வந்தாள். நாய்த் தீனிக் கடைக்காரன் வெளியே வந்து என்னம்மா பண்றே என்று கேட்டதற்கு, உன் நாய்க்கு வக்காலத்து வாங்க வந்திருக்கேன் என்று சொல்லிவிட்டு வந்தாள்.

ஹேன்லி கோர்ட்டில் விசாரணை நடந்த அறை ஒரு பள்ளிக்கூட ஆசிரியர் அறை அளவுதான் இருந்தது. நீதிபதி நடுவயதுப் பெண். கம்பெனி சார்பில் பளபளக்கிற ஷூ போட்ட ஒருவன் பர்மிங்ஹாமிலிருந்து வந்திருந்தான். ஃபைலை ரயிலில்தான் பிரித்திருப்பான் என்று பார்த்தவுடனே கிளெண்டாவுக்குத் தெரிந்துவிட்டது. கோர்ட்டு அனுமதியோடு தங்கைக்காகக் கிளெண்டாவே பேசினாள். போர்டின் உயரம், எழுத்தின் பருமன், மறைத்து நிற்கிற மரக்கிளை எல்லாம் நன்றாகவே சொன்னாள். நீதிபதி படங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இரண்டு மணி நேரம் என்பது பெரிய எழுத்தில் தெளிவாகத்தான் தெரிகிறது, மற்றது பொடியாக இருந்தாலும் அது போதும் என்றார். கிளெண்டா படங்களைத் திரும்ப வாங்கி அடுக்கினாள்.

ஷூக்காரன் எழுந்து கார்டை எடுத்து வைத்தான். பிரதிவாதியே ஒப்புக்கொண்டிருக்கிறார், இதற்குமேல் பேச ஒன்றுமில்லை என்று உட்கார்ந்தான்.

நீதிபதி கார்டைப் படித்துவிட்டு லோர்னாவைப் பார்த்தார். இதுவரை ஒரு வார்த்தைகூடப் பேசாமல் இருக்கிறீர்களே என்றார். கிளெண்டா குறுக்கே வாயைத் திறக்க, அவர் கையமர்த்தினார்.

"நீங்க சொல்லுங்கம்மா. செப்டம்பர்ல அந்தப் புதன்கிழமை அஞ்சு மணி நேரம் அங்க என்ன செஞ்சீங்க?"

லோர்னா நிமிர்ந்தாள். "புதன்கிழமையா?"

"ஆமா. புதன்தான்" என்றார் நீதிபதி காலண்டரைப் பார்த்து.

"மன்னிக்கணும், அப்ப நான் அங்க இருந்திருக்க மாட்டேங்க. லெட்டர்ல தேதிதான் போட்டிருந்தது, கிழமை போடலை. மத்த நாள்ல நடுவுல சில சமயம் கார்லயே கண்ணசந்துடுவேன். அப்படி ஒரு நாள்தான் போலன்னு நெனச்சேன். புதன்னா அவருக்கு மத்தியானம் ஊட்டிட்டு அக்கா கடைக்குப் போயிடுவேன். அன்னைக்கு வயசானவங்களுக்குப் பாதி விலை, கூட்டம் தாங்காது. நான்தான் துண்டெல்லாம் துவைச்சு மடிச்சுக் கொடுப்பேன். நாலு மணிக்கு மேல மறுபடி அவருக்கு ஊட்டப் போவேன்."

ஷூக்காரன் ஃபைலைப் புரட்டினான். வந்ததற்கு ஒரு போட்டோ, போனதற்கு ஒரு போட்டோ. நடுவில் கார் வெளியே போய் மறுபடி உள்ளே வந்த போட்டோ இருக்கிறதா என்று நீதிபதி கேட்டார். தன்னிடம் கொடுத்தது இவ்வளவுதான் என்றான் அவன். மத்தியானம் வந்ததையும் சாயந்திரம் போனதையும் முடிச்சுப் போட்டு, இரண்டு வருகையை ஒரே வருகையாக்கிப் பில் போட்டிருக்கிறது அந்தக் காமிரா இயந்திரம். அதை உட்கார்ந்து சரிபார்க்க ஒரு மனுஷனும் இல்லை.

கிளெண்டா நெற்றியில் அடித்துக்கொண்டாள். மெதுவாக அல்ல, அறை முழுக்கக் கேட்கும்படி. புதன்கிழமை தோறும் தன் கடையில், தன் முதுகுக்குப் பின்னால், துண்டு மடித்துக்கொண்டிருந்தவள் தங்கை. அந்தக் கார் தன் கடை வாசலில்தான் நிற்கும், பக்கத்து மீன் வறுவல் கடைக்காரன் வழியை மறைக்குது என்று வாராவாரம் சண்டைக்கு வருவான். மாதக் கணக்காகச் சட்டத்தைக் கரைத்துக் குடித்தவள் கிழமையைப் பார்க்கவில்லை. தங்கையிடம் அன்றைக்கு எங்கேடீ இருந்தாய் என்று கேட்கவும் இல்லை.

"இது உண்மையா?" என்று நீதிபதி அவளைக் கேட்டார்.

"சத்தியமான உண்மைங்க. என் கண்ணு முன்னாடிதான் இருந்தா."

"இதை ஏன் முன்னாடியே சொல்லலை?"

"எதையும் சொல்லாதேன்னு நான்தாங்க வாயைக் கட்டி வெச்சேன்" என்றாள் கிளெண்டா. வாழ்க்கையில் அவ்வளவு சின்னக் குரலில் அவள் பேசியதே கிடையாது.

நீதிபதி லோர்னா பக்கம் திரும்பினார். செய்யாத தப்புக்கு எதற்காக மன்னிப்புக் கேட்டு எழுதினீர்கள் என்றார்.

"போட்டோ இருக்குன்னு எழுதியிருந்தாங்க. அவ்வளவு பெரிய கம்பெனி, கலர்ல அச்சடிச்சு அனுப்பியிருக்காங்க, நான்தான் ஏதோ பண்ணியிருப்பேன்னு நெனச்சுட்டேன். ஒன்பது மாசமா அப்படித்தான் நெனச்சுக்கிட்டு இருந்தேன். என்னாலதான் அவர் பட்டினி கிடக்கிறார்னு." நீதிபதி கையிலிருந்த கார்டைப் பார்த்தாள். "நான் பண்ணவே இல்லையே. ஒண்ணுமே பண்ணலையே."

கம்பெனி தன் கேஸை நிரூபிக்கவில்லை, தள்ளுபடி என்று நீதிபதி சொல்லி முடிக்க ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. ஷூக்காரன் கை கொடுக்க வந்தான். லோர்னா கொடுத்தாள். கிளெண்டா கொடுக்கவில்லை.

வாசலுக்கு வந்ததும் கிளெண்டா கொண்டாடலாம், எங்கேயாவது உட்கார்ந்து கேக் சாப்பிடலாம் என்றாள். லோர்னா மணியைப் பார்த்தாள். மூன்றரை.

"என்னை வீட்டுல விடு, கிளென். காரை எடுக்கணும்."

கேரேஜில் படுக்கை விரிப்பை உருவி எறிந்து சாவியைத் திருகினால் கார் ஒரு முனகலோடு செத்துப்போயிற்று. ஐந்து மாசம் தொடாமல் கிடந்த பேட்டரி, வேறென்ன செய்யும்? லோர்னா அழவில்லை. பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு ஒயர் வாங்கி, கிளெண்டாவின் காரிலிருந்து மின்சாரம் இழுத்து, மூன்றாம் தடவையில் கிளப்பிவிட்டாள். கிளெண்டா பக்கத்து ஸீட்டில் ஏறிக்கொண்டாள். தங்கை பர்ஸ்லெம் போகும் வரை ஒரு சிக்னலில்கூடத் தயங்கவில்லை. பார்க்கிங் வாசலில் காமிரா கம்பத்துக்கு அடியில் நிதானமாக நுழைந்து, கார்ப்பெட் கடைக்கு எதிரே நிறுத்தினாள். அன்றைக்குப் பட்டாணி வாங்கப் போகவில்லை.

நர்ஸ் அப்போதுதான் தட்டை வைத்திருந்தாள். மசித்த உருளைக்கிழங்கு, மீன், அரிசிப் பாயசம். ட்ரெவர் வாயைப் பூட்டிக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். லோர்னா கோட்டோடு உட்கார்ந்து கரண்டியை எடுத்தாள். அந்த நேரத்தில் அவளை அவர் எதிர்பார்க்கவில்லை. அவ்வளவு மாசமாகச் சாயந்திரச் சாப்பாட்டுக்கு அவள் வந்து சேர்ந்ததே இல்லையே. தலையைத் திருப்பிப் பார்த்தார். நல்ல கையை நீட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். பிடித்த கை அப்படியே இருக்க, அவள் கொடுத்தாள், அவர் விழுங்கினார்.

நேரம் போயிற்று. கிழங்கு முடிந்தது, மீன் முடிந்தது. நர்ஸ் எட்டிப் பார்த்துவிட்டு, கேட்காமலே இன்னொரு கிண்ணம் பாயசம் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். டாக்டர் வரும்போது சொல்கிறேன் என்றும் சொன்னாள். கிளெண்டா கதவோரம் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள். தங்கையின் புருஷன் எவ்வளவு மெதுவாகச் சாப்பிடுவார் என்பதையே அவள் இன்றைக்குத்தான் பார்த்தாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்ததும் அவளுக்குத் திக்கென்றது.

"லோர்னா, ரெண்டு மணி நேரம் ஆகப்போகுதுடீ. நான் வேணா போய் காரை வெளியே எடுத்துட்டு மறுபடி கொண்டுவந்து விடட்டுமா?"

லோர்னா திரும்பவில்லை. கிண்ணத்தின் ஓரத்தில் கரண்டியை வழித்து எடுத்தாள்.

"ஆகட்டும். லெட்டர் போட்டாப் போட்டுக்கட்டும், கிளென். நான் இன்னைக்கு மெதுவாத்தான் கொடுக்கப்போறேன்" என்றாள்.

ட்ரெவர் வாயைத் திறந்தார்.